மூன்றாவது பாட்டில் பாதி

எனக்குப் பொறுமை கிடையாது. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமும் கிடையாது. சினிமாவில் முதல் கால்மணி நேரம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன். போனில் கரகரவென்று சத்தம் கேட்டால் "அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரே ஒரு ஆல்பத்தை மூன்று வாரம் விடாமல் கேட்டேன். அதுவும் முதல் தடவை கேட்டதுமே கண்றாவி என்று சொன்ன ஆல்பத்தை. பாட்டுக்காகக் கேட்கவில்லை. என் தங்கை என்னிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே போனை வைத்துவிட்டாள். அது என்னவென்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பாடகியின் பெயர் எதற்கு? எங்கள் இருவருக்கும் அவள் "நம்மாளு", அவ்வளவுதான். கல்யாண ரிசப்ஷன்களில் போடுகிற மாதிரிப் பாட்டுகளைப் பாடித்தான் பிரபலமானாள். தங்கையின் ரிசப்ஷனிலும் அதில் ஒன்றைப் போட்டார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் வீடியோவில் இருக்கிறது. அதைக் காட்டி இன்றைக்கும் என் மானத்தை வாங்குகிறார்கள்.

தங்கை கல்யாணமாகிக் கொச்சிக்குப் போனாள். நான் ஸ்ரீவராகத்தில் அம்மாவோடு தங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. நம்மாளின் புது ஆல்பம் எது வந்தாலும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, ஆளுக்கொரு லேப்டாப்பில் பாட்டைத் தட்டிவிடுவோம். எனக்கு வலது காதில் போன், இடது காதில் இயர்போன். அவளுக்கு இடது காதில் போன், வலது காதில் இயர்போன்.

இந்தப் பாகப் பிரிவினை ஸ்கூல் நாளில் நடந்தது. மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வாக்மேன் ஒன்று, நாங்கள் இரண்டு பேர். பஸ்ஸில் டிரைவர் இருக்கும் வலப்பக்க வரிசையில் ஜன்னலோரம் எனக்கு என்று சண்டை போட்டு வாங்கியிருந்தேன். அதனால் அவள் எப்போதும் எனக்கு இடப்பக்கம். இடது காதுக் குமிழ் என்னிடம், வலது காதுக் குமிழ் அவளிடம். இன்றைக்கும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டும். எல்லோரும் ஒயர் இல்லாததற்கு மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை. என் வலது குமிழ் சும்மா மார்பில் தொங்கிக்கொண்டிருக்கும். விழிஞ்ஞத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கிற ஆபீஸில் எனக்கு வேலை. அங்கே எதிர் சீட்டுப் பெண் ஒரு நாள் என் வலது காதைக் காட்டி மலையாளத்தில் கேட்டாள்: "சேச்சி, மற்றே செவி வாடகைக்கு கொடுத்தோ?"

ஆகஸ்டில் புது ஆல்பம் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு எண்ணி, தட்டினோம். முதல் பாட்டில் யாரோ கண்ணாடி டம்ளரை ஈரக் கையால் தேய்த்தார்கள். இரண்டாவதில் நம்மாள் பாடுகிறாளா, தூக்கத்தில் உளறுகிறாளா என்று புரியவில்லை. நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஒயர் இழுத்ததில் லேப்டாப் மேஜை விளிம்புக்கு வந்தது.

"அக்கா, மூணாவது பாட்டு முடியட்டும், கேட்டயா? அப்பறம் ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் தங்கை. குரலில் ஏதோ ஒரு கவனம் இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. தொப். தொப். தொப். பிறகு கர்ர்ரென்று ஓர் இழுப்பு. மறுபடி தொப், தொப். பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. வரவேயில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி இது கண்றாவி! நம்மாளுக்குப் பைத்தியம் புடிச்சுடுத்தா?"

"சிரிக்கறயா?" என்றாள்.

"பின்னே, அழணுமாக்கும்?"

போன் வைக்கப்பட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மத்தியானம் ஒரு மெசேஜ் வந்தது: "ஜோலி இருக்கு, அப்பறம் பேசலாம்"

அந்த அப்பறம் வரவில்லை. ஒரு பாட்டைக் குறை சொன்னதற்கா இவ்வளவு கோபம் என்று எனக்கும் கோபம் வந்தது. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முறுக்கு தளர்ந்து பயமாக மாறியது. சொல்லணும் என்றாளே, என்ன சொல்ல இருந்தாள்? உடம்புக்கு ஏதாவதா? வேலை போய்விட்டதா? குழந்தை உண்டாகியிருக்கிறாளா? மெசேஜ் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அம்மாவிடம் மட்டும் தினமும் பேசினாள். சாம்பார் என்ன, மழை உண்டா, அவ்வளவுதான். அம்மா போனில் இருக்கும்போது நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் பத்து தடவை நடப்பேன். "ஏண்டி இப்படிக் கூண்டுல அடைச்ச மாதிரி சுத்தறே?" என்று அம்மா கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னேன்.

மூன்றாவது பாட்டு முடியட்டும் என்றுதானே சொன்னாள்? விஷயம் அந்தப் பாட்டோடு ஒட்டியது என்று என் மர மண்டையில் ஒரு வாரம் கழித்துத்தான் ஏறியது. கிழக்கேகோட்டையில் காலை பஸ் ஏறியதும் அதைப் போட்டுக்கொள்வேன். இடது காது பாட்டுக்கு, வலது காது கண்டக்டருக்கு. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். நான்கைந்து நாளில் எரிச்சல் குறைந்தது. ஆறாம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்தத் தொப் தொப் கன்னாபின்னா சத்தமில்லை. சரியாக ஒன்பது தொப், பிறகு ஓர் இழுப்பு, மறுபடி ஒன்பது. முழங்காலில் விரல் தட்டி எண்ணினேன். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கொஞ்சம் குறைகிறது, சத்தத்தில் கனம் கூடுகிறது. கோவளம் தாண்டி பஸ் குழியில் விழுந்து எழும்போது அதுவும் தாளத்தில் சேர்ந்துகொண்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது பிடித்துப்போயிற்று. ரிசப்ஷன் பாட்டுகள் நாலு தடவையில் புளித்துவிடும், இது புளிக்கவில்லை. ஆபீஸில் கணினியில் கன்டெய்னர் எண் அடிக்கும்போது கால் தானாக ஒன்பது தட்டியது. முழுதாகக் கேட்காமலே திட்டிவிட்டோமே, நம்மாள் பெரிய ஆள்தான் என்று பெருமைகூட வந்தது. அந்த ஜோரில் தங்கைக்கு ஒரு மெசேஜ் தட்டினேன்: "மூணாவது பாட்டு சூப்பர்டி! இப்ப தினமும் அதான், ஆடணும் போல இருக்கு" கூடவே சிவப்புப் பாவாடைக்காரி ஆடுகிற பொம்மையும்.

உடனே பதில் வந்தது. "சந்தோஷம்." ஒரு வார்த்தை, ஒரு முற்றுப்புள்ளி.

எங்கள் மெசேஜ்களில் முற்றுப்புள்ளி கிடையாது. ஏதோ பெரிய தப்புச் செய்கிறேன், என்ன தப்பென்று மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு சரக்குப் பட்டியலை இரண்டு தடவை தப்பாக அனுப்பி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஓணத்துக்கு நாலு நாள் லீவு. தங்கை வந்தாள், தனியாக. "அவருக்கு லீவு கெடைக்கலைம்மா" என்றாள். என்னோடு நன்றாகத்தான் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிற மாதிரி. இளைத்திருந்தாள். திருவோணத்தன்று இலையில் எல்லாம் வாங்கிக்கொண்டு பாதியை அப்படியே மூடினாள். சாப்பாடானதும் அம்மா படுத்துக்கொண்டாள். தங்கை மொட்டை மாடிக்குப் போகிற படியில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போய் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, போனில் இயர்போனைச் செருகினேன். இடது குமிழ் எனக்கு. வலது குமிழை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது பாட்டைப் போட்டேன். இப்போது பாட்டுப் புரிந்தவள் என்று காட்ட வேண்டாமா? தலையை ஆட்டினேன், படியில் காலால் ஒன்பது தட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவள் கண் நிறைந்திருந்தது.

"எப்படிக்கா உன்னால இதுக்குத் தாளம் போட முடியறது?" என்றாள். "அன்னிக்கு இந்த எடத்துலதான் சிரிச்சே."

"எந்த எடம்?"

"சாவியைச் செருப்பு ஸ்டாண்டுல வெச்சுட்டு வந்துட்டேன்னு பாடறாளே, இதோ, இப்போ."

"யாரு பாடறா? தட்டறா, அவ்ளோதானேடி. இந்தப் பாட்டுல பாட்டே இல்லையே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் இடது காதைப் பார்த்தாள். பிறகு தன் காதிலிருந்த குமிழை எடுத்து, என் தலைமுடியை ஒதுக்கி, என் வலது காதில் வைத்து, பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

நம்மாள் பாடினாள். வாத்தியம் எதுவுமில்லாத குரல், முழுக்க வலப்பக்கமே. பதினோரு வருஷம் இருந்த வீட்டில் தன்னுடையது எது என்று ஒரு பெண் தேடுகிறாள். திரைச்சீலை அவன் வாங்கியது, கட்டில் அவன் வீட்டார் கொடுத்தது. ஒரு எவர்சில்வர் டப்பா, இரண்டு புடவை, ஒரு செடி. மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். சாவியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். இடது காதில் தொப், தொப், தொப். ஒன்பது படி, ஒரு திருப்பம், மறுபடி ஒன்பது படி. மூன்று வாரமாக நான் ஆடிக்கொண்டிருந்தது ஒரு சூட்கேஸ் மாடிப்படி இறங்குகிற சத்தத்துக்கு.

பாட்டு முடிந்தது. "எப்போ?" என்றேன்.

"ஏப்ரல்ல, விஷு கழிஞ்சு மறுநாள். இப்போ ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம்ல இருக்கேன்."

"என்ன ஆச்சு? அடிச்சானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. எட்டு வருஷம் அந்த ஆத்துல நான் பேசினா யாருக்கும் காது கேக்கலை. அவ்வளவுதான்."

ஐந்து மாசம். அம்மாவிடம் அந்த ஐந்து மாசமும் சாம்பார் பற்றிப் பேசியிருக்கிறாள். அவள் வாயால் சொல்ல முடியாததைப் பாட்டு சொல்லட்டும் என்றுதான், வழக்கத்தை மீறி முன்னாலேயே தனியாகக் கேட்டுவிட்டு, அன்றைக்கு மூன்றாவது பாட்டு வரை காத்திருந்தாள். அதைக் கேட்டு நான் கண்றாவி என்றேன். ஆடணும் போல இருக்கிறது என்றேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டேன்: "அங்க லிஃப்ட் உண்டே?"

"அன்னிக்கு ஓடலை. நாலு மாடி."

"தனியாவா எறக்கினே?"

அவள் இயர்போன் ஒயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "ரெண்டாவது மாடியில உன்னைக் கூப்ட்டேன்க்கா. போனைத் தோள்ல இடுக்கிண்டு, பெட்டியை இழுத்துண்டே. நீ எடுத்தே."

"நானா?"

"ஆமாம். ஒரே எரைச்சல், ஒண்ணும் கேக்கலை, அப்பறம் கூப்பிடுன்னு வெச்சுட்டே."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. துறைமுகத்தில் கப்பல் வந்த நாளாக இருந்திருக்கலாம், ஆபீஸில் நாலு போன் ஒன்றாக அடித்திருக்கலாம். காரணம் தேடத் தேட எனக்கே அசிங்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். அவள் என்னைச் சமாதானம் செய்யவில்லை. அதுவும் சரிதான்.

கீழே அம்மா எழுந்து காபி கலக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் எங்கேடி போனேள்?" என்று கூப்பிட்டாள். தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு காதிலிருந்தும் குமிழை எடுத்துவிட்டு, போனை அணைத்து, படியில் கவிழ்த்து வைத்தேன்.

"நாலாவது மாடியிலேர்ந்து சொல்லு" என்றேன்.