தெரியும் என்று எழுதிக் கொடுத்தவர்

என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவர் எங்கள் தோணி முதலாளி. எங்கள் கரையில் அது வழக்கம். தோணியில் வேலை பார்க்கிறவன் தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்கும்படி முதலாளியைக் கேட்பான். அவரும் பிள்ளைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டி சரசரக்கக் கோயிலுக்கு வந்து, பிள்ளைக்காக விசுவாசம் சொல்லுவார். அதற்குப் பிறகு அவர் வெறும் முதலாளி இல்லை, உறவு. என் மகள் அன்றைக்கு அவர் சட்டையை நனைத்துவிட்டாள். "உன் மவ எனக்குப் பன்னீர் தெளிச்சிருக்காடே" என்று சொல்லி எல்லாரும் கேட்கும்படி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவர் தோணியில் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் தூக்குவேன் என்று இருந்தேன்.

தூக்கவும் செய்தேன். பழைய துறைமுகத்தில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருநாள் கயிறு அறுந்து மூட்டைகள் என்மேல் விழுந்தன. விலா எலும்பும் இடது தோளும் போயின. பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார், அடிபட்டவன் யாருடைய ஆள் என்று விசாரிக்கத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு எந்தக் கணக்கிலும் பெயர் கிடையாது. முதலாளி வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால் அதிகாரி அவரையே என் கட்டில் அருகில் அழைத்துவந்து கேட்டார்.

"இவர் உங்க ஆள்தானே?"

முதலாளி என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"இல்ல சார். யாருன்னே தெரியாது. தொறமுகத்துல வேலை கேட்டு ஆயிரம் பேரு நிக்கான். அதுல ஒருத்தனா இருக்கும்."

அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்றே?" என்றார். எனக்கு நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு நான் பேசாமல் கிடந்ததற்கு விலா எலும்பைக் காரணம் சொல்லமாட்டேன். கட்டிலின் கால்மாட்டில் என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை ஞானத்தகப்பனை அடையாளம் கண்டு, அவர் வாங்கிக் கொடுத்த கொலுசை ஆட்டிக்கொண்டு கையை நீட்டினாள். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அவர்கள் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "பேதுரு ஏசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சப்பவாவது ஒரு சேவல் கூவுச்சு. இவருக்கு எதிரா கூவ இந்த ஊர்ச் சேவலுக்குக்கூட பயம்."

உண்மைதான். தோணியில் கூட இருந்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

தோள் ஓரளவு சரியானதும், மைத்துனன் முறை உள்ள ஒருவன் மூலமாக நான் குவைத்துக்குப் போனேன். அங்கேயும் துறைமுகம்தான், கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. என் அறையில் இருந்தவர்கள் ஊரில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள், தங்கையைக் கட்டிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு ஒரே நினைப்புத்தான். 'யாருன்னே தெரியாது. அதுல ஒருத்தனா இருக்கும்.' கயிற்றை இழுக்கும்போது இந்தச் சொற்களை வாய்க்குள் சொல்லி இழுப்பேன். வெயில் ஏற ஏற அவை இன்னும் தெளிவாக வரும்.

ஊர்ப் பேங்கில் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டால் சம்பளத்தை நேராக அங்கேயே அனுப்பலாம், வெளிநாட்டில் இருந்துகொண்டே தபால் மூலம் தொடங்கலாம் என்று அறையில் பேசிக்கொண்டார்கள். நானும் எழுதிப்போட்டுத் தாள்களை வரவழைத்தேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. உடன்குடிக்காரத் தம்பி ஒருவன் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். அவன்தான் வாசித்துச் சொன்னான்.

"பாஸ்போர்ட்டுக்கு நகல் வைக்கணும். தூதரகத்துல வச்சுக் கையெழுத்துப் போடணும். அப்புறம், அந்த பேங்குல ஏற்கெனவே கணக்கு இருக்க ஒருத்தர் உங்களுக்கு அறிமுகம் குடுக்கணும் அண்ணாச்சி. இவரை எனக்கு இத்தனை வருசமாத் தெரியும், நல்லவர்னு அவர் கைப்பட எழுதித் தரணும்."

"என்னன்னு எழுதணும்?"

"இவரை எனக்குத் தெரியும்னு."

"இன்னொரு தடவை வாசி."

"காது கேக்கலியா அண்ணாச்சி? இல்ல, ஏதும் பொண்ணு பேரா வருது இதுல?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். குவைத்துக்கு வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு அவன் சொன்னான்.

வேலை இல்லாத ஒரு நாளில் தூதரகத்தில் நின்று, அலுவலர் கண்ணெதிரே ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாள்களை என் மனைவிக்கு அனுப்பினேன். அறிமுகத்துக்கு நம் முதலாளியிடம் போ என்று எழுதினேன்.

அவள் பதில் எழுதினாள். கருவாட்டுக்கார அக்காவுக்கும் அதே பேங்கில் கணக்கு இருக்கிறது, கேட்ட உடனே போட்டுத் தருவாள், அந்த ஆள் வாசலில் என்னை ஏன் நிற்கச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டிருந்தாள். நான் விடவில்லை. அவர்தான் எழுதவேண்டும், வேறு யார் எழுதினாலும் எனக்குக் கணக்கு வேண்டாம் என்று மறுபடியும் எழுதினேன். அவர் மறுத்தால், பேங்க் மேனேஜர் எதிரில் வைத்து, கோயிலில் நம் பிள்ளையை ஏந்தியது யார் என்று கேள் என்றும் எழுதினேன். இத்தனையையும் நான் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். எங்களுக்கு நடுவில் ஒரு கடல் கிடந்ததால் எழுத முடிந்தது.

கணக்குத் தொடங்கியாயிற்று என்று பேங்கிலிருந்து தாள் வந்தது. அவர் எழுதிவிட்டார். ஆனால் எழுதும்போது அவர் பட்ட பாட்டை நான் பார்க்கவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்த முதல் நாள் காலையில், என் மனைவி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"போயி அவர் உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கி வாசல்ல நின்னேன்" என்றாள். "'யாருளா அது'ன்னாரு. இன்னார் பொண்டாட்டின்னேன். 'அட, குவைத்துக்காரன் வீட்டுப் பிள்ளையா, உள்ள வாளா'ன்னு நாற்காலி போடச் சொன்னாரு."

"நாற்காலியா?"

"ஆமா. தாளைக் குடுத்தேன். பத்துப் பன்னெண்டு வருசமாத் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

"கை நடுங்கலியா?"

"எதுக்கு நடுங்கணும்? காப்பி குடிச்சிக்கிட்டே போட்டாரு."

"ஆஸ்பத்திரியில சொன்னதை நீ கேக்கவே இல்லியா?"

அவள் மீன் கழுவிய தண்ணீரை வீசிக் கொட்டினாள். "கேட்டேன். 'நானா? அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேனே'ன்னு சிரிச்சாரு. நடிக்கல. நெசமாவே மறந்துட்டாரு. இதுக்குத்தான் என்னை அங்க போகச் சொன்னிய."

மூட்டை விழுந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் நான் தீட்டித் தீட்டி வைத்திருந்ததை அந்த மனிதர் காப்பியோடு சேர்த்துக் குடித்துவிட்டார்.

அதோடு போகவில்லை. முடிவெட்டப் போனால் கடைக்காரர், "உனக்கு பேங்குல கணக்குத் தொடங்கிக் குடுத்ததே உங்க மொதலாளிதானாமே?" என்கிறார். பூசை முடிந்து வெளியே வந்தால் அங்கேயும் அதே பேச்சு. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் பழி என்று வாங்கினதை அவர் தர்மம் என்று வரவு வைத்துக்கொண்டார். இதற்கு நடுவில் ஆளும் அனுப்பினார். என் கம்பெனியில், தெரிந்த ஆள் ஒருவனை உன் பொறுப்பில் கூட்டிக்கொண்டு வா என்று மேஸ்திரி என்னிடம் சொல்லியிருந்தார். அது எப்படியோ முதலாளி காதுக்குப் போயிருக்கிறது. அந்த இடத்தை அவர் மருமகனுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

வந்த ஆளை அனுப்பிவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். அவர் தினமும் காலையில் அங்கே வருவார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

மேனேஜர் வெளியூர்க்காரர், இளவயது. எங்களை உட்காரச் சொன்னார். அறிமுகம் கொடுத்தவர் பெயரை மாற்றவேண்டும் என்றேன். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

"அதை மாத்த முடியாதே. கணக்கு இருக்கிற வரைக்கும் அந்தக் கையெழுத்தும் இருக்கும்" என்றார்.

"கணக்கை முடிச்சுட்டா?"

"முடிச்சுக்கலாம். ஆனா எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. மூட்டை விழுந்த அதே தோள்.

"ஏலே, எப்பம்ல வந்தே?" என்றார் முதலாளி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், இவன் நம்ம பய. இவன் மவளுக்கு ஞானத்தகப்பன் நான்தான். இவனுக்கு இங்கன கணக்குத் தொடங்கிக் குடுத்ததும் நான்தான். இப்பம் என் மருமவனை இவன்தான் குவைத்துக்குக் கூட்டிட்டுப் போறான். என்னடே, ஊமையா இருக்கே? சின்னதுலருந்தே இப்படித்தான் சார், வாயில கொழுக்கட்டை."

காசு கட்ட நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு என்னைக் கேட்டார்: "அப்போ ஐயாவை உங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சொற்களை நான் எத்தனை கப்பலுக்குக் கயிறு இழுத்துப் பழகியிருக்கிறேன்! அவை தாமாகவே வந்தன.

"இல்ல சார். யாருன்னே தெரியாது. தொறமுகத்துல ஆயிரம் மொதலாளி நிக்கான். அதுல ஒருத்தரா இருக்கும்."

சிரிப்பு நின்றது. இந்தத் தடவை மூஞ்சி எப்படி இருந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, எங்கேயோ கேட்ட குரல் மாதிரி அவர் தலையைச் சாய்த்தார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது. அது வந்த இடத்தை நான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்தது. என் தோளைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். பேங்குக்கு வந்த வேலையை மறந்து எழுந்து வெளியே போனார்.

மேனேஜர் ஒன்றும் புரியாமல், "ஆனா, அறிமுகம் கொடுத்ததே அவர்தானே?" என்றார்.

"அதான் சார், முடிச்சுத் தாங்கன்னு வந்தோம்" என்றாள் என் மனைவி. என்னிடம் திரும்பி, "சேவல் கூவியாச்சு. இனி இங்கன என்ன இருக்கு?" என்றாள்.

வேறொரு பேங்கில் புதுக் கணக்குத் தொடங்கினோம். கருவாட்டுக்கார அக்காவுக்கு அங்கேயும் கணக்கு இருந்தது. எத்தனை வருஷமாகத் தெரியும் என்று அங்கே கேட்டபோது, "இவன் அம்மை வயித்துல உதைக்கும்போதே தெரியும், எழுதிக்கிடுங்க" என்றாள். அவள் பிடித்த பேனாவை வாங்கி மோந்து பார்த்துவிட்டு வைத்தார் அந்தக் கிளார்க். குவைத்தில் இருந்த இடம் உடன்குடித் தம்பியின் அண்ணனுக்குப் போனது. முதலாளியின் மருமகன் கிட்டங்கியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது கோயிலில் என்னைக் கண்டால் முதலாளி வேறு வாசல் வழியாகப் போகிறார். அவர் போகும் வரை நான் நின்று பார்ப்பேன். வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். நினைவுக்கு வந்த பாவங்களையெல்லாம் சொல்லிவிடுவேன். இதைச் சொன்னதில்லை. இது பாவம் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.