பியருக்குள் வேப்பம்பூ போட்டவன்

இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. குடியைக் கையால் தொடாதவன் நான். பியரைக் கெடுத்தவன் என்ற பழி என் தலையில் விழுந்தது.

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வெளிநாடு வந்தபிறகு, மோர்னிங்சைட் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. பேஸ்மென்டில் மனைவியின் தம்பி இருந்தான். கடைப் பியர் வெறும் தண்ணீர், தானே காய்ச்சப்போகிறேன் என்று சொல்லிப் பெரிய பானையும் சாமான்களும் வாங்கிவந்தான். கீழே அடுப்பில்லை. அதனால் எங்கள் குசினிதான். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனைவியின் முகத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொண்டேன்.

ஹொப்ஸ் என்பது ஒரு பூ. காயவைத்து அரைத்துப் பச்சை உருண்டைகளாக விற்பார்கள். பியரின் கைப்பும் வாசமும் அதிலிருந்துதான். தானியப் பாகு கரைத்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும், இருந்த இரண்டு பைக்கற்றையும் ஒன்றாகக் கொட்டினான். பிறகு சளித் தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர் வற்றவைப்பதுபோல விட்டுக் காய்ச்சினான்.

"நல்லா வத்தினால்தான் அத்தான் சாரம் இறங்கும்" என்றான்.

எங்கள் ஆட்களுக்கு அப்படித்தானே பழக்கம். வாசம் வீடெல்லாம் பரவிச் சாமியறைத் திரைச்சீலையிலும் ஏறிவிட்டது. நான் முணுமுணுத்துக்கொண்டே சாம்பிராணி போட்டேன்.

சில கிழமைகள் கழித்துக் கூட்டாளிகளைக் கூப்பிட்டுப் போத்தலைத் திறந்தான். வாயில் வைக்க ஏலாத கைப்பு. வாசம் மருந்துக்கும் இல்லை. எங்கள் குசினித் தட்டில் ஊரிலிருந்து வந்த வேப்பம்பூ ஒரு போத்தலில் இருந்தது. அது அவன் கண்ணில் பட்டது. தான் குடிக்கக் கூடாதென்று அத்தான்தான் அதைப் பானைக்குள் போட்டுவிட்டார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டான்.

கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன்.

"சத்தியமெல்லாம் வேண்டாம் அத்தான். என்ர பானைப் பக்கம் வராமல் இருந்தால் காணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் ரசம் பரிமாறிக்கொண்டு நின்றேன். வரிசையில் வந்த ஒருவர் கோப்பையை நீட்டிக்கொண்டு, "அண்ணை, உதுக்குள்ளயும் வேப்பம்பூவோ?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முருகனுடைய சந்நிதியில், சாப்பாட்டில் கள்ளவேலை செய்கிறவன் என்று நிற்கவேண்டிய விதியா எனக்கு?

பொறுக்க முடியவில்லை. மறுநாளே மச்சானைக் காரில் ஏற்றிக்கொண்டு, நெற்றித் திருநீற்றோடு, பியர்ச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். எப்படிக் காய்ச்சினான் என்று கேட்ட கடைக்காரருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஹொப்ஸ் நெடுநேரம் கொதித்தால் கைப்புத்தான் இறங்குமாம், வாசம் ஆவியோடு போய்விடுமாம். ஒரு பைக்கற்றைத் தொடக்கத்தில் கைப்புக்குப் போடவேண்டும். மற்றதை அடுப்பை நிற்பாட்டப்போகும் நேரத்தில் வாசத்துக்குப் போடவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. ரசத்துக்குக் கொத்தமல்லித் தழையை இறக்கும்போதுதானே போடுகிறோம்? அதைத் தின்று வளர்ந்தவனுக்கு இது விளங்காமல் போனதற்கு நானா பொறுப்பு? மச்சான் வரும் வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்தமுறை கடைக்காரர் சொன்னபடியே காய்ச்சினான். நான் முன்னறையைவிட்டு அசையவில்லை. போத்தல் திறந்த அன்று தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலை நசுக்கினதுபோல வாசம் மேலே வரைக்கும் வந்தது. கூட்டாளிகள் புகழ்ந்து தள்ளினார்கள். கோயிலில் என்னைக் கேலி பண்ணியவரும் அங்கே இருந்தார். இப்போதாவது உண்மையைச் சொல்லுவான் என்று படிக்கட்டின் மேல் நின்று காதைக் கொடுத்தேன்.

"இந்தமுறை அத்தானைக் கிட்டவும் விடேல்லை" என்றான் மச்சான். "அதுதான் திறமா வந்திருக்கு."

கீழே எல்லாரும் சிரித்தார்கள். நான் போய்ச் சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கோயிலில் நான் ரச அகப்பையைத் தொடவில்லை. வெறும் வெள்ளைச் சோறு மட்டும்தான் போடுகிறேன்.