ஊர் பார்த்து மாற்றிய ஆட்டக்காரன்

எங்கள் காற்பந்துக் கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெயர். விளையாடுவதோ சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில். பக்கத்து ஊரின் பெயரிலும் இங்கே ஒரு கழகம் உண்டு. எங்களுக்காகக் கோல் அடித்துக்கொண்டிருந்தவனின் தகப்பன் அந்த ஊர் என்பதால், போன வருடம் அவனை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அங்கே கோல் காத்த எங்கள் ஊர்ப் பிள்ளையை வாங்கினோம். இந்த ஞாயிறு சூக் நகரில் நடந்த போட்டியில், நாங்கள் கொடுத்துவிட்டவன் எங்களுக்கு எதிராகவே மூன்று கோல் அடித்தான்.

திரும்பும் ரயிலில் வாக்குவாதம் தொடங்கியது. வேலை செய்யும் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிவிட்டு நேரே போட்டிக்கு வந்திருந்த எனக்குத் தலையிடி வந்தது.

"ஊர்ப் பிள்ளை ஊருக்கு விளையாடுறதுதானே முறை," என்றார் கழகத் தலைவர்.

"முறை கோல் அடிக்குமோ, அண்ணை?" என்றார் செயலாளர்.

ஒரு வருடமாக இதே கதை. கத்துகிற ஒருவருக்கும் பந்தின் பின்னால் ஓடுகிற வயதில்லை.

மாற்றப்பட்ட இளைஞர்கள் இருவரும் எதிரே ஒரே சிப்ஸ் பையில் கைவிட்டபடி சுவிஸ் ஜெர்மனில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அலுத்துப்போய் அவர்களிடமே கேட்டேன்: "தம்பிமார், உங்கட ரெண்டு ஊருக்கும் இடையில எவ்வளவு தூரம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தெரியாது அங்கிள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பில்டிங்."