காப்புக் கட்டிய கையோடு போன பயணம்

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இது நம் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தாண்ட வேண்டி வந்தது. பக்கத்து ஊருக்கு இல்லை, உலகத்தின் உச்சந்தலைக்கு. அப்போது நான் பட்ட பாட்டையும் அம்மன் எனக்குச் செய்ததையும் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

நான் சூரியநெல்லியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். பெயர் வள்ளியம்மை. என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் வேலை பிடிக்கவில்லை. கொச்சித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து இரும்புத்தாது ஏற்றுகிற வெளிநாட்டுக் கப்பலில் சேர்ந்துவிட்டார். எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம், நார்வே தேசத்தின் வடகோடியில் ஒரு துறைமுகத்தில், சங்கிலி அறுந்து அவர் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கப்பல் கிளம்பிப் போய்விட்டது. அவர் மட்டும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கொச்சியில் இருந்த கப்பல் ஏஜெண்ட் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். புண் ஆறிவிட்டது. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்படியே கிடக்கிறார். பேச்சு இல்லை. வாய் திறந்து சாப்பிடுவதும் இல்லை. குழாய் வழியாக ஆகாரம் போகிறது. இப்படியே போனால் உயிர் தங்காது, வீட்டு ஆள் ஒருவர் வந்தால் ஒருவேளை எழுந்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி ஒருவருக்கு டிக்கெட் தரும். அவருக்கு அப்பா அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. போவதென்றால் நான்தான். தனியாகத்தான்.

அதற்கு முன் நான் தனியாகப் போன தூரம் மூணாறு சந்தை.

எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் உலக உருண்டையைக் கொண்டுவந்து காட்டினார். சூரியநெல்லி அதில் இல்லை. நார்வே ஊரைத் தேடி வாத்தியார் விரல் மேலே மேலே போயிற்று. உருண்டையைத் தாங்குகிற ஆணிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. என் பெண்ணைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுப் பேச்சி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ வள்ளி, கோடையில அங்க ராத்திரியே வராதாம்லா. நீ எப்பிடி ஒறங்குவே?"

"இங்க மட்டும் ஒறங்கிக்கிட்டா இருக்கேன்" என்றேன்.

போகிற ஏற்பாடெல்லாம் செய்தேன். மழைக்குப் போர்த்துகிற கம்பளியைத் துவைத்து வைத்தேன். பருப்புப் பொடி இடித்தேன். மூணாறில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசை முற்றத்தில் போட்டு நடந்து பழகினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வழியில் யாரிடமாவது காட்டச் சொல்லி வாத்தியார் அட்டையில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஆயிற்று, பாஸ்போர்ட்டைத் தவிர. பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. இனி வராது என்று மனசு விட்டுப்போனது.

வைகாசியில் எஸ்டேட் மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டினார்கள். மனுஷர்களை நம்பியது போதும் என்று அவர் உயிருக்காக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினேன்.

மறுநாள் தந்தி வந்தது. பாஸ்போர்ட் தயார். ஆள் நிலைமை மோசம். உடனே கொச்சிக்கு வரவும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. ஒருநாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? தந்தியும் கையுமாகக் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி அண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அவன் உசுருக்குன்னு கட்டுன காப்பு தாயி. மஞ்சத்தண்ணி ஊத்துறதுக்கு முந்தி அவுத்தா அவனுக்கு ஆகாது. கட்டிக்கிட்டு எல்லை தாண்டுனாலும் அவனுக்குத்தான் ஆகாது. நான் என்னத்தச் சொல்ல?"

போகாவிட்டாலும் அவர் சாவார், போனாலும் என்னால் சாவார். அம்மனுக்கு முன்னால் விழுந்தேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். எத்தனை வருஷமாக உனக்கு மாவிளக்குப் போடுகிறேன். அவர் கால் போனபோது நீ எங்கே இருந்தாய்? வா என்கிறாய், வழியை அடைக்கிறாய். நீ என்ன தெய்வம்? வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்து அழவும் தெம்பு இல்லாமல் கிடந்தேன். உள்ளங்கை இரண்டும் கோயில் மண்ணில் பதிந்திருந்தன. நெற்றியில் மண். உதட்டில் மண். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அது என் புத்தி இல்லை. அந்த நேரத்தில் எனக்குப் புத்தியே இல்லை.

முந்தானையை விரித்து மண்ணை அள்ளினேன்.

"என்ன செய்யுதே?" என்றார் பூசாரி.

"எல்லைய விட்டுத்தான போகக் கூடாது. எல்லையவே கொண்டுக்கிட்டுப் போறேன். ஷூவுக்குள்ள வச்சுத் தச்சுக்கிடுதேன்."

"கோயில் மண்ணக் காலால மிதிப்பியா?"

"இப்ப மட்டும் தலையாலயா நிக்கேன்?"

அவர் அம்மனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூசாரி அண்ணன் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து என் முந்தானை மண்ணில் தெளித்தார்.

பேச்சியும் நானும் பழைய சேலைத் துணியில் மண்ணைப் பரப்பி, பாதம் அளவுக்கு இரண்டு துண்டு தைத்தோம். எல்லைக் கல்லை பஸ் தாண்டும்போது காலைத் தரையோடு அழுத்திக்கொண்டேன். கொச்சி, பம்பாய், அப்புறம் பெயர் தெரியாத ஊர்கள். விமானத்தில்கூட ஷூவைக் கழற்றவில்லை. செய்தது சரியா, தாலிக்கு நானே உலை வைத்துவிட்டேனா என்று வழியெல்லாம் மனசு அரித்தது.

அந்த ஊரில் இறங்கியபோது சூரியன் மலை மேல் உட்கார்ந்திருந்தது. காலையா மாலையா, தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கேட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். சொல்ல வேறு ஆள் இல்லை. "சுப்பையா" என்றேன். அதற்கே கண் கலங்கிவிட்டது.

சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். பாதியாகிப் போயிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையைப் பிடித்தேன். என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறு அவர் விரலில் பட்டது. தடவிப் பார்த்தார். திரும்பினார்.

"காப்புக் கட்டிக்கிட்டா எல்லை தாண்டி வந்தே?"

அத்தனை மாசம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது. கோபமாகத்தான் கேட்டார்.

"தாண்டலங்க" என்றேன். ஷூவைக் கழற்றித் துண்டுகள் இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தேன். "நம்ம கோயில் மண்ணு."

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் ஓடிவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தாங்கிப் பிடித்தோம். அவர் இடது காலை ஒரு துண்டின் மேல் வைத்து நின்றார். இன்னொரு துண்டு சும்மா கிடந்தது. அதன் மேல் என் காலை வைத்தேன்.

அன்றைக்குக் கஞ்சி குடித்தார்.

ஆவணியில் திரும்பி வந்தோம். பூசாரி அண்ணன் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகு, காப்பை அம்மன் முன்னால் அவர் கையால்தான் அவிழ்த்தார். துண்டுகளைப் பிரித்து மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டினேன். இப்போது கட்டைக் காலோடு ஃபாக்டரியில் கொழுந்து நிறுக்கிறார். நானும் முன்னைப்போல் இல்லை. முன்பெல்லாம் பயந்து கும்பிடுவேன். இப்போது பயம் இல்லை.

உங்களுக்கும் வழி அடைத்துப்போன நாள் வரும். அப்போது நல்ல வார்த்தை தேடிக்கொண்டு வெளியே நிற்காதீர்கள். உள்ளே போய் இருக்கிற கோபத்தோடு விழுங்கள். நான் திட்டின திட்டையும் கேட்டவள் அவள், உங்களுடையதைக் கேட்க மாட்டாளா?