அக்காவின் சடையும் குவாசாரின் காற்றும்

செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசனை வந்தால் போதும்... திண்டுக்கல் வீட்டு மொட்டைமாடி கண்ணுக்குள் வந்து நின்றுவிடும்.

அறுபதுகளின் நடுவில் என்று வையுங்களேன். சாயங்காலத்தில் அக்கா சடை பின்னிக்கொண்டே வானத்தைப் பார்ப்பாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை, என் மணிக்கட்டைவிடத் தடிமன்! தோல் மண்டிப் பக்கமிருந்து காற்றடித்தால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவிடுவேன். அவள் அசையமாட்டாள்.

"ஏ புள்ள, குவாசார்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காகளாம். பாக்க நட்சத்திரம் மாதிரித்தான் இருக்குமாம். ஆனா அம்புட்டுத் தூரமாம்!"

"உனக்கு இங்கருந்தே தெரியுதாக்கும்?"

"தெரியாது. இருக்குல்ல... அது போதும்."

எங்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் பெண் அவள்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் வேலையும் கிடைத்தது. அத்தாவை, அதாவது எங்கள் அப்பாவை, சம்மதிக்க வைக்கப் பட்ட பாடு இருக்கிறதே... அப்பப்பா! மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும்தான் பாக்கி.

எக்ஸ்ரே எடுக்கத் துணைக்கு நான் போனேன்.

அரையிருட்டு அறை. மெஷின் பக்கத்தில் ஓர் ஆம்பளை. மேலே போர்த்தியிருந்த துப்பட்டியைக் கழற்றச் சொன்னதும் அக்கா முகம் சிவந்துவிட்டது. சடையை இழுத்து முன்னால் போட்டு நெஞ்சை மறைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெண் வேறென்ன செய்வாள்? அந்த மனிதருக்கும் கூச்சம் போல. அவளைப் பார்க்காமலே பட்டனை அமுக்கிவிட்டார்.

பிலிமில், நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு திட்டு.

டிபி என்றார்கள். வேலை போயிற்று. அம்மா அழுதுகொண்டே அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். இருமல் கிடையாது, காய்ச்சல் கிடையாது... ஊசி மட்டும் நடந்தது. அக்கா மாடிக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுவருஷம் ஒரு லேடி டாக்டர்தான், "கொண்டை போட்டுட்டு நில்லும்மா" என்று சொல்லி மறுபடி எடுத்தார். திட்டைக் காணோம்! எண்ணெய் ஊறிய சடையின் நிழல்தான் அப்படி விழுந்திருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அத்தா அதற்கப்புறம் அவளை எங்கேயும் அனுப்பவில்லை.

போன வாரம் போனில் குவாசார் பற்றி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. குவாசாரின் நடுவில் ஒரு கருந்துளை. அதைச் சுற்றிச் சுழலும் வாயுவிலிருந்து பெருங்காற்று கிளம்புமாம். அல்ட்ரா வயலட் ஒளியே அதை வெளியே தள்ளுமாம்... ஒளிக்குத் தள்ளுகிற பலம் உண்டு பாருங்கள்! அந்த வாயு குறுக்கே வந்தால் குவாசாரிலிருந்து வரும் எக்ஸ்ரே மங்கிப்போகும். அல்ட்ரா வயலட்டிலும் அங்கங்கே கொஞ்சம் விழுங்கிவிடும். விலகினால் எக்ஸ்ரே பழையபடி பளிச்! அதனால் மங்கலாகத் தெரிந்ததும் விட்டுவிடாமல், வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களாம்.

இப்போது வடமதுரையில் மகன் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. உடனே கூப்பிட்டு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "குவாசார் மங்கவே இல்லக்கா, நடுவுல காத்துதான் நின்னுருக்கு" என்றேன்.

"அம்புட்டுத் தூரத்துல கெடக்குறதையே மறுக்கா மறுக்காப் பாக்குறாகளா..." என்றாள். "நான் பக்கத்துலதானடி இருந்தேன்."