கேஸ் நம்பர் கிடைத்த நாள்

கூட்டுக் குழு அலுவலகத்தின் கடிதம் அரபியில் இரண்டே வரி. நாடுகள் தரும் புகாரை மட்டுமே குழு விசாரிக்கும். தனிநபர் மனு ஏற்கப்படாது. அதை நான் தமிழில் சொன்னபோது, டூட்டி முடிந்த வெள்ளை உடுப்போடு சிஸ்டர் எதிரே நின்றுகொண்டிருந்தார். "திரும்ப ஒருக்கா வாசியுங்க பாய்" என்றார். திரும்ப வாசித்தால் மட்டும் மாறிவிடுமா? வாசித்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் துபாய் கராமாவுக்கு வருமுன், வேறொரு வளைகுடா நாட்டில், கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடையில் அரபி மனு அடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அங்கே நர்ஸ், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். தாய் தகப்பன் இல்லை, ஒரே தம்பி. பக்கத்து நாட்டுப் படகில் மீன்பிடித்தவனை, எல்லை தாண்டினான் என்று பிடித்து, நாங்கள் இருந்த நாட்டுச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அந்தக் கடல் யாருடையது என்பதே இரு நாடுகளுக்கும் தீராத தகராறு. வளைகுடா நாடுகளின் கூட்டுக் குழு முடிவு சொல்லும்வரை அவன் உள்ளேதான். குழுவோ ஒரு முறைகூடக் கூடவில்லை. எந்த நாடும் அவனுக்காகப் புகார் கொடுக்கவில்லை. அவனுக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீல், படகைத் திருப்பிக் கேட்டு மட்டும் எழுதினார்.

கோர்ட்டுக்கே போகலாம் என்று நான்தான் பெரிய ஆளாட்டம் சொன்னேன். ஜன்னலில் இருந்தவர் மனுவைத் திருப்பித் தள்ளினார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்திட்ட வக்காலத்து வேண்டுமாம். அக்காள் எல்லாம் செல்லாதாம். சிறையில் கேட்டால், கேஸ் நம்பர் இல்லாத கைதிக்கு வக்காலத்து எழுத முடியாது என்றார்கள். என்ன நியாயமோ! பதினொரு மாதம் அந்த இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்தோம். வெள்ளிக்கிழமைகளில் சிஸ்டர் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். "காலு ரெண்டும் வீங்கியிருக்கு பாய். எனக்குப் பாத்தாலே தெரியுது, கிட்னிதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு சொன்னா, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்கன்னு சொல்லுதாங்க."

நோன்பு மாதத்தில் அவன் செத்துப்போனான். அடக்கம் முடிந்து பத்தாம் நாள், இறப்புச் சான்றிதழோடு கடைக்கு வந்தார் சிஸ்டர். அழவில்லை. பழக்கத்தில் நான் மனுதாரர் இடத்தில் தம்பியின் பெயரை அடிக்கப் போனேன். தடுத்தார்.

"எனக்க பேரைப் போடுங்க. விசாரிச்சிட்டேன். அவன் உசிரோட இருக்கும்போ நான் ஆருமில்ல. இப்போ வாரிசாம்."

அடித்துக் கொடுத்தேன், கூடவே போனேன். அதே ஜன்னல், அதே ஆள். சான்றிதழைப் பார்த்தார், சீல் குத்தினார். பத்து நிமிடத்தில் கேஸ் நம்பர் கொடுத்துவிட்டார்.