என் அண்ணனை வில்லனாக்கிய வீடியோ

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் முதலில் கேட்டது நகையுமில்லை, புடவையுமில்லை. எங்கள் காதல் கதையைக் கேட்டாள். ரிசப்ஷனில் பெரிய திரை கட்டி, பெற்றவர்கள் காதலித்த கதையைக் குட்டிப் படமாக எடுத்துப் போடப் போகிறாளாம். பெண்ணும் மாப்பிள்ளையும் பைன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுகிற படத்தைக் கொடைக்கானலில் எல்லாக் கல்யாணத்திலும் பார்த்து ஊருக்கே அலுத்துவிட்டது. அதனால் இப்போது அப்பா அம்மா வரைக்கும் வந்துவிட்டார்கள்.

நான் முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் சாயங்காலம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றார்.

எங்களுடையது காதல் கல்யாணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நாங்கள் செண்பகனூரில் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மிஷன் விடுதியில் சமையல்காரர். என் வீட்டுக்காரருக்குப் பெரும்பாறை; மிளகும் காபியும் போட்ட சின்னத் தோட்டம், கூடத்தில் பெரிய முருகன் படம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அந்தக் காலத்தில் சொந்தமாக ஒரு வரி காதலைச் சொல்லத் தெரிந்த ஆண்பிள்ளையை நான் பார்த்ததே கிடையாது. சினிமாப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வருகிறது என்று பார்த்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இவர் கொடுத்த கேசட்டில் காதல் பாட்டெல்லாம் முடிந்து கடைசியில் ஒரு தாலாட்டு வந்தது. இவ்வளவு அவசரமா என்று எனக்குப் பகீரென்றது. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டால், கேசட்டில் மிச்சம் இடம் இருந்ததாம், பதிந்து கொடுத்தவர் அவராக எதையோ போட்டுவிட்டாராம்.

அந்தத் தாலாட்டை நம்பித்தான் நான் வீட்டை விட்டு வந்தேன்.

படம் எடுக்க வந்தவர் மதுரைக்காரர். தாடி, தலையில் தொப்பி, வாய்க்கு வாய் மேம். எதிர்ப்பு எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு பக்கமும்தான், மதம் வேறு என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். மதத்தை எடுத்துவிடலாம், அது சென்சிட்டிவ், ரிசப்ஷனுக்கு எல்லாரும் வருவார்கள் என்றார். அப்படியானால் எங்கள் வீட்டில் எதற்காக எதிர்த்தார்கள் என்று கேட்டேன். ஈகோ என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். என் அம்மா மாதக்கணக்கில் ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்காமல் அழுததும், பெரும்பாறையில் என் மாமனார் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதும் ஈகோ என்கிற ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டது. சினிமாக்காரர்களுக்கு இந்த மாதிரித் திறமை உண்டு.

அடுத்து, யார் துரத்தினார்கள் என்று கேட்டார். யாரும் துரத்தவில்லை என்றதும் அவர் முகம் விழுந்துபோனது. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இவ அண்ணன் வந்தாருல்ல," என்று எடுத்துக் கொடுத்தார்.

வந்தார்தான். எப்படி வந்தார் என்று நான் சொன்னேன். நாங்கள் வெள்ளனே கிளம்பிக் கொடைக்கானலில் பஸ் ஏறினோம். டிரைவர் பழனிக்கு மாலை போட்டிருந்தார். வீட்டை விட்டு ஓடுகிறவளுக்குப் பின்னணியில் வயலின் கேட்கும் என்றுதான் நான் பார்த்த படங்களெல்லாம் சொல்லியிருந்தன. எனக்கு மலையிறங்கி முடிகிறவரை முருகன் பாட்டுதான் கேட்டது. வத்தலக்குண்டில் பஸ் மாறிக் கன்னிவாடிக்குப் போனோம். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. சிநேகிதர் வருகிறவரைக்கும் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, மத்தியானத்துப் பஸ்ஸில் என் அண்ணன் வந்து இறங்கினார். அப்போது அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். என் வீட்டுக்காரர் எழுந்து எனக்குப் பின்னால் போய் நின்றார். அண்ணன் நேராக என்னிடம் வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"சர்டிபிகேட்டையெல்லாம் விட்டுட்டு வந்துருக்க. நாளைக்கு ஒரு வேலைக்குப் போனா எதைக் காட்டுவ?"

அவ்வளவுதான். ஒரு டீ குடித்தார், திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு என் மகள் பிறக்கிறவரை எங்களோடு பேச்சு வார்த்தை கிடையாது. பதிவுக் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவரைத் தெய்வம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை வாங்கினேன். இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாடிக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மனதைத் தொடுகிறது மேம், ஆனால் விஷுவலாக ஒன்றுமில்லையே என்றார்.

படப்பிடிப்பு அன்று நானும் போனேன். வருஷம் முழுக்கத் துணி காயவிடாமல் பனிமூட்டம் வருகிற ஊரில் அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது. அதனால் புகை மருந்து அடைத்த குழாயைக் கொளுத்திப் புகை விட்டார்கள். நெருப்பு என்று நினைத்து வனக்காவலர் ஓடி வந்தார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடியும் புகை விட்டார்கள். என் வேஷத்தில் வந்த பெண், நான் வாழ்க்கையில் வைத்தறியாத மல்லிகைச்சரத்தைத் தோள்வரைக்கும் தொங்கவிட்டிருந்தாள். என் வீட்டுக்காரராக வந்தவருக்குப் புஜம் சட்டைக்குள் அடங்கவில்லை. நான் ஓடிவந்த காலத்தில் நிஜ வீட்டுக்காரரைக் கொடியில் காயப்போட்டால் கிளிப் மாட்ட வேண்டியிருக்கும். அதை அவரிடமே சொன்னேன். நீ சும்மா இரு, சாயல் இருக்கிறது என்றார்.

அண்ணன் வேஷம் போட ஆள் கிடைக்காமல் படக்குழுவின் வேன் ஓட்டுநருக்கே மீசை ஒட்டி, கையில் அட்டை அரிவாளைக் கொடுத்திருந்தார்கள். இது கூடாது, அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்றேன். ஜாலிக்குத்தானே அம்மா, மாமா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று மகள் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் தலைக்கு மேல் சோலி கெடக்கு.

ரிசப்ஷனில் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், தாய்மாமன் சீரெல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு, மதினியோடும் தன் சம்பந்தி வீட்டாரோடும் முன்னால் உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். வயலின் இழைத்து ஒரு காதல் பாட்டுத் தொடங்கியது. நானும் அவரும் பைன் காட்டில் கைகோத்து ஓடினோம். புகையைக் கிழித்துக்கொண்டு அரிவாளோடு அண்ணன் வந்தார், நிஜ பஸ் ஒன்றைத் துரத்தினார், உறுமினார். என் வீட்டுக்காரர் இறங்கி ஒரே அடியில் அவரைச் சாய்த்துவிட்டு, போனால் போகட்டும் என்று மன்னித்துவிட்டார். மண்டபமே விசிலடித்தது. பின்வரிசையில் ஒருவர், "ஏலே, இது நம்ம லாரி டிரைவரண்ணன்ல," என்று சத்தமாகவே கேட்டார். என் வீட்டுக்காரர் மேடையில் நின்று, நடந்ததற்குச் சாட்சி போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டபோது அண்ணன் நாற்காலி காலியாக இருந்தது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று வெரசா வாசலுக்கு ஓடினேன். மதினி என்னைத் தடுத்துப் பந்தியைக் காட்டினாள். அண்ணன் முதல் ஆளாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வீடியோக்காரர் சொல்லச் சொல்லக் கேட்காமல் எடுத்துவிட்டார், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். அவர் எலும்பைக் கடித்து முடித்தார்.

"அருவாதான் தப்பு," என்றார். "லாரியில கெடந்த ஜாக்கி ராடு கையில இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் ஓடிப்போனதும், போவது கன்னிவாடிக்கு என்பதும் கடைப்பக்கம் யாரோ சொல்லி உடனே தெரிந்துவிட்டதாம். குறுக்குப் பாதையில் இறங்கி, பஸ் வருவதற்குள் பெருமாள்மலைப் பக்கம் ரோட்டுக்கு வந்துவிட்டாராம். மறித்து, என் வீட்டுக்காரரை இறக்கிக் காலை உடைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போவது என்று முடிவோடு நின்றாராம்.

"அப்புறம் ஏண்ணே நிறுத்தல?"

"பஸ்ஸு பக்கத்துல வந்துச்சு. மாப்ள சன்னலுக்கு வெளிய தலையைப் போட்டு வாந்தி எடுத்துக்கிட்டு வந்தாப்ல. நீ முதுகைத் தடவிவிட்டுக்கிட்டு இருந்த. இவன் எங்கிட்டு உன்னைக் காப்பாத்தப் போறான், நீதான் சம்பாரிச்சு இவனைக் காப்பாத்தணும்னு தோணுச்சு. வீட்டுக்கு ஏறிப் போயி சர்டிபிகேட்டைத் தேடினேன்."

சொல்லிவிட்டுத் தயிர் வெங்காயம் கேட்டார்.

வாந்தி உண்மைதான். மலையில் பிறந்து வளர்ந்தவர், வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இத்தனை வருஷமாக அண்ணனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தும் ஒரு நாளும் குத்திக்காட்டாதவரைத்தான் அட்டை அரிவாளோடு ஓடவிட்டிருந்தோம். நான் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அழுகை என்று நினைத்துப் பரிமாறுகிறவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரிடம் ஜாக்கி ராடு வரைக்கும்தான் சொன்னேன். சன்னல் விஷயத்தைச் சொல்லவில்லை. மறுவாரம் சர்ச் வாசலில் என்னைக் கூட்டிப்போக வந்தவர், தான் இரும்பு ராடுக்கே பயப்படாமல் பெண்ணைக் கூட்டிவந்த கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். ராடு அதற்குள் இரண்டாகிவிட்டது.

மகளுக்கு முழுக்கதையும் தெரிந்ததும் மனது கேட்கவில்லை. வீடியோவிலிருந்து வில்லனை வெட்டி எடுத்துவிட்டாள். இப்போது அதில் நாங்கள் இரண்டு பேரும் யாரும் துரத்தாமலே காட்டுக்குள் மூச்சிரைக்க ஓடுகிறோம். சர்க்கரைக்காக டாக்டர் ஓடச் சொன்ன மாதிரி இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கப் போனவளிடம் அண்ணன், வெட்டாத வீடியோவை அனுப்பச் சொன்னாராம். மதினி அப்புறம் எனக்குப் போன் போட்டாள். மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்து அதையே பார்க்கிறாராம். எதற்கு இதைப் போய்ப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாளாம். படத்திலயாவது ஒரு தடவை விரட்டிப் பாத்துக்கிறேன் என்றாராம்.

ஆக, எங்கள் குடும்பத்தில் அந்தப் படம் பிடிக்காதவள் நான் ஒருத்திதான். பாட்டு மட்டும் பரவாயில்லை. தோசை ஊற்றும்போது வாயில் வந்துவிடுகிறது.